பாலாற்றின் மேல்முனை: கோலார் தங்கவயலும் அதன் தமிழும்

பத்தாண்டு நிறைவையொட்டி நம் இலக்கிய வட்டத்தினர் மேற்கொண்ட பெங்களூருப் பயணத்தில் ஓர் அரைநாள் கோலார் தங்கவயலுக்கு ஒதுக்கப்பட்டது. அது குறித்து இம்மலருக்கு எழுதுமாறு மலர்க்குழுவினர் என்னைப் பணித்தனர். எங்கே இறங்கினோம், எதைக் கண்டோம் என்று எழுதிவிடுவது எளிது. ஆயினும் அவ்வூரில் கண்ணுக்குப் புலப்படுவன மிகச் சிலவே: துருவேறிய இரும்புக் கோபுரங்கள், அடைக்கப்பட்ட சுரங்க வாய்கள், ஊர்நடுவே மலைபோல் எழுந்து நிற்கும் சாம்பல் நிற மண்மேடுகள். அவ்வூரின் வரலாற்றை அறிந்தவர்க்கே இவை பொருள்படும். ஆகவே இதனைப் பயணக் குறிப்பாக அமைக்காமல், தமிழ் எழுத்து வரலாற்றில் தங்கவயல் பெறவேண்டிய இடத்தை எடுத்துரைக்கும் கட்டுரையாக அமைக்கிறேன்.

வண்டியில் செல்லும்போதே நம் அன்பர்களிடையே ஒரு சொல்லாடல் எழுந்தது. "அருகில் கம்மசந்திராவில் கோடிலிங்கேசுவரர் கோயில் இருக்கிறது; மூடிக்கிடக்கும் சுரங்கத்தில் காண என்ன இருக்கிறது?" என்றார் ஒருவர். "சுரங்கத்திற்கும் இலக்கியத்திற்கும் என்ன உறவு?" என்று வினவினார் இளங்கவிஞர் ஒருவர். இரண்டாம் வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றின் வழி

காஞ்சிபுரத்திற்கும் தங்கவயலுக்கும் உள்ள முதல் உறவு பாலாறு. நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கோலார்ச் சீமையின் வழியே இறங்கும் இவ்வாறு, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு என்று நடந்து, காஞ்சிக்குத் தெற்கே ஓடி, வாயலூர் அருகே கடலை அடைகிறது. தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேதமங்கலம் ஏரி இதே பாலாற்றின் மேல்முனையில் அமைந்ததாகும். நீர் கிழக்கே இறங்கிய இதே வழியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள் மேற்கே ஏறினர். ஆறு அளித்த வயல்களில் உழைத்தும் அவ்வயல்களில் பங்கில்லாத மக்கள் அவர்கள்.

குவளாலபுரம்

கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம். கங்கர் குலத்தின் தொடக்ககாலத் தலைநகர் அதுவே. பின்னர்த் தலைக்காட்டிற்கு இடம்பெயர்ந்த போதும், குவளாலபுரத்து இறைவர் என்னும் விருதுப் பெயரைக் கங்கர் வழியினர் கைவிடவில்லை. சோழர் ஆட்சியில் இந்நிலப்பகுதி நிகரிலிச்சோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது. கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலம் தொட்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுகின்றன.

நமக்கு மிக அண்மையான செய்தி ஒன்றும் உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றியது சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கி என்பதை நாம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். மூன்றாம் குலோத்துங்கனுக்கு உட்பட்டு ஆண்ட அச்சீயகங்கனும் குவளாலபுரத்து இறைவன் என்னும் விருதைத் தாங்கியவனே. எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் நூலுக்குப் புரவலனாக நின்றவனின் விருதுப் பெயரில் கோலார் ஒலிக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே மண்ணில் தமிழ் எழுத்துக்கு வேறு வகைப் புரவலர்கள் தோன்றினர். அவர்களைப் பற்றியே இனிக் காண இருக்கிறோம்.

பொன்வேட்டை

திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், 1802இல் மாரிக்குப்பம் முதலிய ஊர்களில் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அவ்வெழுத்து எழுபதாண்டு உறங்கியது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றித் திரும்பிப் பெங்களூரில் தங்கிய மைக்கேல் லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர் அதனைப் படித்து, 1871இல் மாட்டுவண்டியில் கோலாருக்கு வந்தார். 1875இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் பெற்றார். பொருள்வலிமை போதாமையால் உரிமை கைமாறியது. 1880 முதல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் சுரங்கக் கம்பெனிகள் இயங்கின. கைவிட்டுவிடலாம் என்று பங்குதாரர் எண்ணிய வேளையில், 1883ஐ ஒட்டி, சாம்பியன் என்று பெயரிடப்பட்ட செழும்பொன் படலம் வெளிப்பட்டது.

பொன்வேட்டை ஊர்கள் உலகில் பல உண்டு. 1849இல் கலிபோர்னியாவிலும் 1851இல் ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டிலும் தனிமனிதர்கள் மண்வெட்டியும் சல்லடையுமாக ஓடினர். கிடைத்த பொன் எடுத்தவர்க்கே உரியது. பல்லாரட்டில் அக்கால வாழ்வைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்று 1970 முதல் நடைபெற்று வருகிறது. கோலாரில் நிகழ்ந்தது வேறு. இங்கே வேட்டை லண்டன் பங்குச் சந்தையில் நடந்தது. அதே காலத்தில் வயநாட்டை ஒட்டிய தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளிலும் இவ்வாறே கம்பெனிகள் முளைத்துச் சில ஆண்டுகளில் மறைந்தன. கோலாரில் மட்டும் பொன் ஆழத்தில் இருந்தது. ஆழத்தில் இறங்க ஆள் தேவைப்பட்டது.

ஏறிச் சென்றவர்

தொழில்நுட்பம் அறிந்த கார்ன்வால் நாட்டினரும் இத்தாலியரும் மேற்பார்வைக்கு வந்தனர். பாறையைக் குடையவும் சுமக்கவும் வந்தவர்களில் பெரும்பான்மையோர் தமிழர். வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்தே மிகுதியாகச் சென்றனர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற உழவுக் கூலிகளே மிகப் பலர். சித்தூர்ப் பகுதித் தெலுங்கரும் உடன் சென்றனர். 1890களில் பவுரிங்பேட்டையிலிருந்து, இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, சுரங்கம் வரை கிளைப் புகைவண்டிப் பாதை அமைந்தபின் அச்செலவு எளிதாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பணிபுரிந்தனர்.

அவர்கள் ஏன் சென்றனர் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. அக்காலத்தில் காஞ்சிபுரம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்ட ஆட்சியர் டிரெமென்கீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கை, இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை விரிவாகக் கூறுகிறது. சிறு கடனுக்காகத் தலைமுறைதோறும் பண்ணையில் கட்டுண்டு கிடந்தமை, குடியிருக்கும் மனையும் தமக்குச் சொந்தமில்லாமை, மிராசுதாரர் சினந்தால் வீடிழந்து நிற்க நேர்ந்தமை ஆகியன அதில் பதிவாகியுள்ளன. 1892இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டி அரசாணை பிறந்ததற்கு அவ்வறிக்கையே காரணம். பஞ்சமி நிலம் என்று இன்றும் வழங்குவது அதுவே. எல்லைக் கோட்டிற்கு மேற்கே, வடஆர்க்காட்டிலும் வாழ்க்கை இதனின் வேறுபட்டதன்று. வாரக்கூலியைக் காசாகக் கையில் தரும் ஓர் இடம் இருக்கிறது என்ற செய்தி அம்மக்களை எவ்வாறு அசைத்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கலிபோர்னியாவிற்கு ஓடியவன் பொன்னை நாடி ஓடினான்; பாலாற்றின் வழியே ஏறியவன் பண்ணையை விட்டு ஓடினான்.

மண்ணின் அடியில்

சென்ற இடம் சொர்க்கமாக இல்லை. 'லைன்' எனப்பட்ட குடியிருப்புகளில் மூங்கில் தட்டியால் அமைந்த ஓரறைக் குடில்கள் வரிசையாக நின்றன. 1902இல் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்குக் கண்டது 1905இல்தான். ஆயினும் அம்மின்சாரம் வந்தது எந்திரங்களுக்காகவே; தட்டிக் குடில்களில் அவ்வொளி பரவப் பல்லாண்டுகள் ஆயின.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது நெடுங்காலம் விளங்கிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். மேலிருந்து குளிர்காற்றைச் செலுத்தினால் அன்றி அங்கே மனிதர் நிற்க இயலாது. அழுத்தம் தாங்காத பாறை முன்னறிவிப்பின்றி வெடித்துச் சிதறும். வெடிமருந்தும் துளைக்கருவியும் கிளப்பும் கல்தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயாக முற்றும். வெட்டி எடுத்த பாறையைப் பொடியாக்கி, பாதரசத்தாலும் சயனைடு கரைசலாலும் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண்ணே ஊர்நடுவே மேடாகக் குவிந்தது. 'சயனைடு மேடு' என்று ஊரார் வழங்கும் அதன்மீது நம் அன்பர்கள் ஒளிப்படம் எடுத்துக்கொண்டபோது, உடன்வந்த முதிய தொழிலாளர் ஒருவர், "காற்றடிக்கும் காலத்தில் வந்திருந்தால் கண் திறந்திருக்க மாட்டீர்கள் அம்மா; சோற்றிலும் இதுதான் விழும்" என்றார்.

இச்சுரங்கங்கள் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் தந்த பொன் சுமார் 800 டன். அவற்றின் ஆழம் அறிவியலுக்கும் உதவிற்று. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜப்பானிய, ஆங்கில அறிஞர்களுடன் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடத்தை இங்கேதான் கண்டறிந்தனர்.

புத்தகசாலை

இளங்கவிஞரின் வினாவிற்கு இனி வருவோம். 1898ஆம் ஆண்டு தமிழுக்கு இரு நிகழ்ச்சிகளைத் தந்தது. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டது ஒன்று. அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியது மற்றொன்று. முன்னதை நம் இலக்கிய வரலாறுகள் விரிவாகக் கூறுகின்றன. பின்னதைப் பற்றி நெடுங்காலம் அவை பேசவில்லை.

அச்சங்கத்தின் கிளைகளுள் வலுவுடன் வேரூன்றியவற்றில் ஒன்று மாரிக்குப்பத்தில் அமைந்தது. பண்டிதர் 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் மாறிற்று. அவ்விதழைப் பொருள் கொடுத்துத் தாங்கியவர்களுள் தங்கவயல் தொழிலாளர் முன்வரிசையில் நின்றனர். திருக்குறளுக்கும் ஔவையின் நீதி நூல்களுக்கும் பண்டிதர் புத்துரை வரைந்தார். இந்திரர் தேச சரித்திரம் எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்களே இந்நாட்டின் பூர்வ பௌத்தர் என்று நிறுவ முயன்றார். அவர் முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்: கூண்டிலிருந்து மேலேறி வந்த ஒருவர், கல்தூசு படிந்த கையைக் கழுவிவிட்டு, அந்த வாரத்துத் தமிழனில் வந்த குறள் உரையைப் படித்தார், படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் அமர்ந்து கேட்டார்.

மாரிக்குப்பத்துப் பௌத்தர்கள் இதழை வாங்கிப் படித்ததுடன் நிறைவு கொள்ளவில்லை. நூல் வெளியீட்டையும் மேற்கொண்டனர். சித்தார்த்தா புத்தகசாலை என்னும் பெயரில் தங்கவயலிலிருந்து பண்டிதரின் நூல்கள் பல வெளிவந்தன. 1914இல் பண்டிதர் மறைந்தபின் அவர் மைந்தர் பட்டாபிராமன் சிலகாலம் இதழைத் தொடர்ந்தார். நின்றுபோன அவ்விதழ் 1926இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் எழுந்தது. சென்னையில் பிறந்து ஓய்ந்த ஓர் இதழுக்குச் சுரங்க ஊர் மறுவாழ்வு தந்தது என்பது தமிழ் இதழியல் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்கது.

நம் ஊர்க்காரர்க்கு இதில் தனியொரு நெகிழ்ச்சி உண்டு. மணிமேகலை தன் அமுதசுரபியுடன் வந்து பசிப்பிணி தீர்த்ததும் அறம் கேட்டு நோன்பு நோற்றதும் காஞ்சியில். 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்து கண்டு எழுதிய பௌத்தப் பள்ளிகள் இருந்ததும் காஞ்சியில். நாலந்தாவின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர். இங்கே பெரிதும் மறைந்துபோன அவ்வறத்தை, இவ்வாற்றின் மேல்முனையில் சுரங்கத் தொழிலாளர்கள் தம் உரிமைச் சொத்தாகக் கொண்டு மீட்டெடுத்தனர். ஏட்டில் இருந்த மணிமேகலையை ஐயர் அச்சில் ஏற்றினார். தங்கவயல் மக்கள் அவள் மேற்கொண்ட அறத்தை வாழ்வில் ஏற்றினர்.

கைநாட்டை மறுத்த கைகள்

"இவையெல்லாம் பிரசாரம், இலக்கியம் ஆகுமா?" என்று சிலர் கேட்கலாம். 1930இல் நிகழ்ந்த ஒன்று இதற்கு விடை கூறும். தொழிலாளர் அனைவரின் விரல் ரேகையையும் பதிவு செய்யும் முறை அவ்வாண்டு புகுத்தப்பட்டது. குற்றவாளிகளிடம் பெறுவதுபோல் ரேகை பெறுவதை இழிவெனக் கருதிய ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைக்கு இறங்க மறுத்தனர். வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீடித்தது. அப்போது அவர்களுக்கென்று தொழிற்சங்கம் கிடையாது. அங்கே தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றது 1940களில்தான். சங்கமின்றி அத்தனை பேர் ஒரு சொல்லில் நின்றது எவ்வாறு? வாசகசாலைகளும் சபைகளும் இரவுப் பள்ளிகளும் கால் நூற்றாண்டாக வளர்த்த தன்மதிப்பே அவர்களை ஒன்றாக நிறுத்தியது என்பது என் துணிபு.

நம் மொழியில் 'கைநாட்டு' என்பது வெறும் ரேகைப் பதிவைக் குறிக்கும் சொல் அன்று; எழுத்தறியாதவன் என்று ஒருவனைத் தாழ்த்தும் சொல்லும் ஆகும். தந்தையர் பண்ணைக் கடன் பத்திரத்தில் பெருவிரலை அழுத்தியவர்கள். மைந்தர்கள் இதழுக்குச் சந்தா கட்டியவர்கள். அம்மைந்தர்களிடம் மீண்டும் விரலை நீட்டச் சொன்னபோது அவர்கள் ஏன் மறுத்தனர் என்பது தமிழ் கற்பிக்கும் எனக்கு நன்கு விளங்குகிறது. எழுத்து ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. பின்னாளில் 1946ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் அறுவர் உயிர் ஈந்த வரலாறும் இம்மண்ணுக்கு உண்டு.

மூடப்பட்டபின்

1956இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவண் அரசின் பொறுப்பில் வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. ஆழம் கூடக்கூடச் செலவு கூடிற்று. பாறையில் பொன் குறைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வூர் மக்களில் ஆயிரக்கணக்கானோர் வைகறையில் எழுந்து புகைவண்டியில் பெங்களூர் சென்று உழைத்து இரவில் வீடு திரும்புகின்றனர். பாட்டனார் மண்ணுக்கடியில் கழித்த பொழுதைப் பேரப்பிள்ளைகள் தண்டவாளத்தின்மேல் கழிக்கின்றனர்.

அண்மையில் வந்த திரைப்படங்கள் தங்கவயலின் பெயரை நாடெங்கும் பரப்பின. கன்னடத்தில் 2018இலும் 2022இலும் வந்த படங்கள் பொன்னையும் வன்முறையையும் காட்டின. 2024இல் வந்த 'தங்கலான்' வடஆர்க்காட்டிலிருந்து ஏறிச் சென்ற மக்களைத் திரையின் நடுவில் நிறுத்தியது. அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் 1999இல் தொகுத்து வெளியிட்டபின் ஆய்வுலகமும் விழித்துக்கொண்டது. எனினும் அவ்வூரின் வாசகசாலைகளும் சபைகளும் பள்ளிப் பாடநூல்களுக்குள் இன்னும் உரியவாறு நுழையவில்லை.

பொன்னும் சரிகையும்

விடைபெறும்போது அம்முதியவர் நம் ஊர்ப் பட்டைப் பற்றிக் கேட்டார்: "காஞ்சிபுரம் சரிகையில் எங்கள் ஊர்ப் பொன் இருக்குமா அம்மா?" நம் கவிஞர்கள் சிலர் உடனே ஆமெனத் தலையசைத்தனர். வரலாறு அதற்கு இடம் தருவதாக இல்லை. கம்பெனிக் காலத்துக் கோலார்ப் பொன்னில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. நம் நெசவாளர் பயன்படுத்திய சரிகையோ பிரான்சிலிருந்தும் பின்னர்ச் சூரத்திலிருந்தும் வந்தது. தமிழ்நாடு அரசின் சரிகை ஆலை காஞ்சியில் ஏற்பட்டது 1971இல்தான். பட்டு நூலைச் சுற்றிய வெள்ளித் தகட்டின்மேல் பூசப்படும் பொன், சரிகையின் எடையில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. உலகமெங்கும் காஞ்சிப் பட்டின் பெயரால் மின்னுவது அந்தச் சிறு பூச்சு. அதன் அடியில் குழித்தறியில் கால் தொங்கவிட்டு அமர்ந்த நெசவாளியின் கூலிக் கணக்கு இருப்பதை இவ்வூரார் நாம் அறிவோம். இரு ஊர்களையும் இணைப்பது பொன் அன்று. பொன்னைத் தொட்டும் பொன்னுக்கு உரியவர் ஆகாத கைகளே.

நிறைவுரை

இலக்கிய வட்டம் என்பது யாது? திங்கள்தோறும் கூடுகிறோம், படிக்கிறோம், உரையாடுகிறோம், ஆண்டுக்கொருமுறை கைப்பணம் போட்டு நூல் வெளியிடுகிறோம். நூறாண்டுகளுக்கு முன் மாரிக்குப்பத்தில் நடந்ததும் இதுவே. அவர்கள் நாள்முழுதும் பாறை குடைந்தபின் கூடினர் என்பது ஒன்றே வேறுபாடு. அவ்வகையில் தங்கவயலின் வாசகசாலைகள் நம் வட்டத்திற்கு மூத்தோர் எனலாம். இளங்கவிஞரின் வினாவிற்கு என் விடை இதுவே: சுரங்கத்திற்கும் இலக்கியத்திற்கும் உள்ள உறவு, நமக்கும் இலக்கியத்திற்கும் உள்ள உறவினும் கடினமான விலை கொடுத்துப் பெற்றது.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின்முன் மூன்று பணிகளை வைக்க விழைகிறேன். தங்கவயல் கவிஞர்களை நம் ஆண்டுவிழாவிற்கு அழைத்து அவர்தம் படைப்புகளைக் கேட்பது முதலாவது. நம் உறுப்பினர்களின் உற்றார் உறவினருள் தங்கவயலுக்குச் சென்று வாழ்ந்தோர் இல்லங்களில் பழைய இதழ்களும் நூல்களும் இருப்பின், அவை செல்லரிக்கும்முன் படியெடுத்து நூலகங்களில் சேர்ப்பது இரண்டாவது. சுரங்கத்தில் இறங்கிய கடைசித் தலைமுறையின் நினைவுகளையும் பாடல்களையும் பதிவு செய்வது மூன்றாவது. 1980இல் இருபது வயதில் பணியில் சேர்ந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். சுரங்கம் மூடியபின் அதனுள் நீர் நிரம்பிவிட்டது. அதில் மீண்டும் இறங்குதல் அரிது. மனிதர் நினைவில் இறங்குவதற்கு இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. அவ்வாண்டுகளை நாம் வீணாக்கலாகாது.